நான் பேசாத இரண்டு ஆண்டுகளுக்கு நிலுவை இல்லை

எங்கள் சமையலறைச் சுவரில் 2024ஆம் ஆண்டின் முருகன் கலண்டர் இன்னும் தொங்குகிறது. ஏப்ரல் மாதத் தாளை நான் கிழிக்கவில்லை. அதில் 15ஆம் திகதி, திங்கட்கிழமை, சிவப்புப் பேனாவால் வட்டமிடப்பட்டிருக்கிறது. வட்டம் கோணலாக இருக்கும். அன்று என் விரல்களுக்குப் பேனாவை அவ்வளவுதான் பிடிக்க முடிந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, சித்திரை வருடப்பிறப்பு. கைவிசேடம் வாங்க என் கணவருக்கு முன்னால் நின்றேன். வெற்றிலையோடு வைத்துத் தந்த நாணயங்கள் என் விரல்களுக்குள் நிற்காமல் நிலத்தில் சிதறின. மூத்த மகள் குனிந்து பொறுக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அன்றுதான் ‘பிப்’ என்று இங்கே எல்லாரும் சொல்லும் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தேன். நீண்டகால நோயாலோ உடல் இயலாமையாலோ அன்றாட வாழ்க்கை தடைப்படுகிறவர்களுக்குப் பிரித்தானிய அரசு தரும் காசு அது. 2013இல் தொடங்கியது.

எனக்கு 57 வயது. கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1997இல் இங்கே வந்து, ஒரு களஞ்சியத்தில் 17 வருடம் பெட்டி அடுக்கினேன். 2019இல் மூட்டுவாதம் என்று கண்டுபிடித்தார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் வகை. 2022 ஏப்ரலில் வேலையை விட்டேன்.

விண்ணப்பித்து 72 கிழமைகளுக்குப் பிறகு, 2025 செப்டம்பரில், வங்கிக் கணக்கில் நிலுவைப் பணம் மொத்தமாக விழுந்தது. 7,333 பவுண் 95 பென்ஸ். சரிதானா என்று மேசையில் இருந்து கூட்டிப் பார்த்தேன். அன்றாட வாழ்க்கைக்கான பகுதியும் நடமாட்டத்துக்கான பகுதியும் சேர்த்து முதல் 51 கிழமைகளுக்குக் கிழமைக்கு 101 பவுண் 35 பென்ஸ். 2025 ஏப்ரலில் தொகை கூடியதால் மிச்ச 21 கிழமைகளுக்கு 103 பவுண் 10 பென்ஸ். ஒரு பென்ஸ்கூடப் பிசகவில்லை. வட்டமிட்ட திகதியிலிருந்தே எண்ணியிருந்தார்கள்.

பிறகு இன்னொரு கணக்கும் போட்டேன். வேலையை விட்ட நாளிலிருந்து போன் எடுத்த நாள்வரை சரியாக இரண்டு ஆண்டுகள். அப்போதும் எனக்கு இதே கைகள், இதே முழங்கால்கள்தான். அந்த இரண்டு ஆண்டுகளின் விகிதப்படி பார்த்தால் 9,400 பவுணுக்கு மேல் வருகிறது. அது வரவில்லை, இனி வரவும் வராது. பிப் கொடுப்பனவு விண்ணப்பித்த நாளுக்கு முன்னால் போகாது. எத்தனை வருடம் நோயோடு இருந்தீர்கள் என்பது வேறு, எப்போது கேட்டீர்கள் என்பது வேறு. நிலுவை என்பது கேட்ட நாளிலிருந்துதான்.

வந்த காசைவிட, வராத அந்தக் காசைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதை என்னிடமிருந்து எடுத்தது என் வாய்தான். ‘சமாளிக்கிறன்’ என்ற ஒரு சொல்.

ஏன் இரண்டு ஆண்டுகள் கேட்கவில்லை? முதலாவது, அறியாமை. என் கணவர் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிறார். வீட்டில் ஒருவர் உழைத்தால் இதெல்லாம் கிடைக்காது என்று நினைத்திருந்தேன். அது தவறு. பிப் கொடுப்பனவுக்கு வருமானமோ சேமிப்போ தடையில்லை. கணவரின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகிறவருக்கும் கிடைக்கும். வரியும் இல்லை. இது எனக்கு 2022இலேயே தெரிந்திருந்தால், என்னைத் தடுக்க இரண்டாவது காரணம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அது வெட்கம். அதன் பலத்தை நான் படிவம் நிரப்பும்போதுதான் கண்டேன்.

படிவம் தபாலில் வந்தது. அனுப்பிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் திருப்பிச் சேர்க்க வேண்டும். எனக்கு வந்தது ஆங்கிலத்தில் இருந்தது. மகள் வாசித்தாள், நான் சொன்னேன், அவள் எழுதினாள். சமைத்தல், சாப்பிடுதல், மருந்து எடுத்தல், குளித்தல், மலசலகூடம் போதல், உடுத்தல் என்று அன்றாட வாழ்க்கைக்குப் பத்து அலுவல்கள். நடமாட்டத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. ஒரு பகுதியில் 8 புள்ளி எடுத்தால் சாதாரணத் தொகை, 12 எடுத்தால் கூடிய தொகை. 7 புள்ளி எடுத்தால் ஒன்றும் இல்லை.

“அம்மா, சாப்பிடுறதில உங்களுக்கு ஏதும் கஷ்டமோ?”

“இல்லைப் பிள்ளை, கத்தியும் முள்ளுக்கரண்டியும் எனக்கெதுக்கு? கையாலதானே சாப்பிடுறன்.”

மகள் ‘கஷ்டம் இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். அது உண்மையில்லை என்று இருவருக்கும் தெரியும். நான் கையால் சாப்பிடுவதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. விரல்களைக் கூட்டிச் சோற்றைக் குழைக்க முடியாது. உருட்டினால் வழியிலேயே சிந்திவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த, பிடி தடித்த கரண்டி ஒன்றால்தான் சாப்பிடுகிறேன், அதுவும் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு. கலியாண வீடுகளில் வயிறு சரியில்லை என்று சொல்லித் தேத்தண்ணீரோடு எழுந்துவிடுவேன். அதைப் படிவத்தில் எழுதினால் அது நிரந்தரமாகிவிடும் என்று எனக்குப் பயம்.

அடுத்த பக்கம் மலசலகூடம். மகள் வாசிக்கும்போதே குரலைத் தாழ்த்தினாள். நான் வேகமாக ‘இல்லை’ என்றேன். அவளும் வேகமாகத் தாளைப் புரட்டினாள். இருந்து எழும்பக் கைப்பிடி வேண்டும், இருக்கையை உயர்த்த வேண்டும், மணிக்கட்டு மடங்காததால் நீண்ட பிடியுள்ள கருவி இல்லாமல் கழுவ முடியாது. இவற்றை என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்வேன்? நான் சொன்னாலும் அவள் அதை எந்தக் கையால் எழுதுவாள்?

பிறகு மதிப்பீடு. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனில் நடந்தது. மூட்டுவாதம் உள்ளவர்களுக்குக் காலைதான் கொடியது. எழும்பி ஒன்றரை மணி நேரம் உடம்பு பலகை மாதிரி இருக்கும். இரண்டு மணிக்கு ஓரளவு இளகிவிடும். மகள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். பஸ் தரிப்பிடம் வரை நடப்பீர்களா என்று கேட்டார்கள். “ஓம், நடப்பன்” என்றேன். போகும் வழியில் இரண்டு வீட்டு மதில்களில் சாய்ந்து நிற்பதையும், அடுத்த நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடப்பதையும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று என் மனம் சமாதானம் சொன்னது.

ஓகஸ்டில் முடிவு வந்தது. சமைத்தலுக்கு 2, குளித்தலுக்கு 2, உடுத்தலுக்கு 2. மொத்தம் 6. நடமாட்டத்துக்கு 4. ஆகவே எதுவும் இல்லை.

அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கடிதத்தை ஆறுதலாக வாசித்தபோது, அதில் இருந்ததெல்லாம் நான் சொன்னவைதான் என்று கண்டேன். எழுதியவர் இட்டுக்கட்டவில்லை. நான் சொல்லாததை அவர் அறியவில்லை.

ஒரு ஆலோசனை நிலையத்தில் வேலை செய்யும் பெண் எனக்குச் சட்டத்தை விளங்கப்படுத்தினார். ஓர் அலுவலை ‘செய்ய முடியும்’ என்றால் நான்கு விதமாக முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆபத்தில்லாமல் முடிய வேண்டும். ஏற்கத்தக்க அளவுக்குச் சரியாக முடிய வேண்டும். தேவைப்படும்போதெல்லாம் திரும்பவும் முடிய வேண்டும். நோயில்லாத ஒருவருக்கு எடுக்கும் நேரத்தின் இரு மடங்குக்குள் முடிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அது ‘முடியாது’தான். அதோடு, நல்ல நாளை வைத்துக் கணக்கில்லை. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி என்பதுதான் கணக்கு. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் நிறைந்தது. எங்கள் ஊரில் பெண்களுக்கு ‘முடியும்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு எல்லைகள் வைத்து யாரும் சொல்லித் தந்ததில்லை. சாகும் வலியோடு செய்தாலும் செய்துவிட்டால் முடிந்ததுதான் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள்.

ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டேன். நவம்பரில் அதே முடிவு திரும்பி வந்தது. அங்கேயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள், நானும் கைவிட இருந்தேன். “மேன்முறையீட்டுக்குக் காசு கட்டத் தேவையில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, தீர்ப்பாயம் கொடுப்பனவைத் தீர்மானிக்கும் திணைக்களத்துக்குக் கட்டுப்பட்டதல்ல” என்று அந்தப் பெண் சொன்னார். விசாரணைவரை போகும் பிப் மேன்முறையீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பித்தவருக்குச் சாதகமாகத்தான் முடிகின்றன என்றும் சொன்னார். படிவத்தை அனுப்பினேன்.

பிறகு காத்திருப்பு. அந்த மாதங்களில் என் கணவர் இரவு வேலையை ஆறு நாளிலிருந்து நான்காகக் குறைத்தார். காலையில் என்னை எழுப்பவும் தலைமுழுக வைக்கவும் ஆள் வேண்டும். வருமானம் குறைந்தது. 5,000 பவுண் சீட்டை 900 பவுண் கழிவுக்கு முன்னரே எடுத்தோம். என் இரண்டு காப்புகளை அடைவு வைத்தோம். நிலுவைப் பணம் வந்தபோது அந்தக் கழிவுக்கும் அடைவு வட்டிக்கும் அதில் ஒன்றும் சேர்ந்து வரவில்லை. காத்திருப்பதற்கான செலவை ஏழைதான் கட்டுகிறார். கையில் காசுள்ளவர் 72 கிழமை காத்திருந்தால் அது சேமிப்பு. இல்லாதவர் காத்திருந்தால் அது கடன்.

நான் விசாரணைக்குக் காத்திருந்த 2025 மார்ச்சில், அரசு ஒரு புதிய விதியை முன்வைத்தது. மொத்தம் 8 புள்ளி இருந்தால் போதாது, அன்றாட அலுவல்களில் ஏதாவது ஒன்றிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும் என்றது. என் உடம்பை வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லா அலுவலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, எதுவும் முழுதாகப் போகவில்லை. அந்த விதி வந்திருந்தால் என்னைப் போன்ற மூட்டுநோய்க்காரர் பலருக்கு அன்றாடப் பகுதி இல்லாமலே போயிருக்கும். ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால் ஜூலை 1ஆம் திகதி அதைச் சட்டமூலத்திலிருந்து நீக்குவதாக அரசு அறிவித்தது. முழு மதிப்பீட்டு முறையையும் மீளாய்வு செய்யும் பொறுப்பு அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸிடம் கொடுக்கப்பட்டது. 2026 இலையுதிர் காலத்துக்குள் அறிக்கை என்று அறிவித்தார்கள். அவர் எங்கள் ஈஸ்ட் ஹாம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அதனால் இதில் எங்களுக்குச் சொல்ல இடம் இருக்கிறது. அதை நான் கடைசியில் சொல்கிறேன்.

2025 ஓகஸ்டில் விசாரணை. ஒரு நீதிபதி, ஒரு டொக்டர், இயலாமை பற்றிய அனுபவமுள்ள ஒருவர் என மூன்று பேர். மொழிபெயர்க்கத் தீர்ப்பாயமே ஒரு தமிழ்ப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தது. மகள் வெளியில் இருந்தாள். டொக்டர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி இதுதான்: “காலையில் கண் விழித்ததிலிருந்து ஒரு மணி நேரம் என்ன நடக்கிறது? மெதுவாகச் சொல்லுங்கள்.”

சொன்னேன். கட்டிலிலிருந்து எழும்புவதிலிருந்து தொடங்கினேன். மலசலகூடக் கதவடியில் வந்து நின்றுவிட்டேன். மொழிபெயர்க்க வந்த பெண் என் பக்கம் திரும்பி, “அக்கா, நான் உங்கட குரல் மட்டும்தான். இங்க சொன்னது என்னோட வெளியில வராது” என்றார். அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. கைப்பிடி, உயர்த்திய இருக்கை, கழுவும் கருவி, தடித்த கரண்டி, கலியாண வீட்டுத் தேத்தண்ணீர், இரண்டு மதில்கள். பெற்ற பிள்ளைக்குச் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சொன்னேன். நோய் வந்த பிறகு முதல் தடவையாக, என் உடம்பைப் பற்றி உண்மை கதைத்தேன்.

தீர்ப்பில் சாப்பிடுதலுக்கு 2, மலசலகூடத்துக்கு 2. ஏற்கெனவே இருந்த ஆறோடு 10. நடமாட்டத்துக்கு 4 அல்ல, 10. இரண்டு பகுதியிலும் சாதாரணத் தொகை. முதல் முடிவுக்கும் கடைசி முடிவுக்கும் நடுவில் என் நோய் மாறவில்லை. அன்றாடப் பகுதியில் கூடிய நான்கு புள்ளிகளும் நான் வெட்கப்பட்டு மறைத்த இரண்டு இடங்களிலிருந்து வந்தவை.

இதிலிருந்து இரண்டு தரப்பாருக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலில் அரசுக்கு. இந்த முறை முழுவதும் விண்ணப்பிப்பவரின் நாக்கை நம்பி நிற்கிறது. அப்படியென்றால் அந்த நாக்கு கதைக்கக்கூடிய மொழியில், கதைக்கக்கூடிய ஆளிடம், முதல் நாளே கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டால் தருவது போதாது. ஆங்கிலம் தடுமாறும் ஒவ்வொருவரிடமும் அதை முதலில் சொல்ல வேண்டும், அவருடைய பிள்ளையைக் கொண்டு கேட்கக் கூடாது. டொக்டர் கேட்ட அந்த ஒரு கேள்வியை முதல் மதிப்பீட்டிலேயே தமிழில் கேட்டிருந்தால், 72 கிழமையும் இல்லை, தீர்ப்பாயச் செலவும் இல்லை, என் காப்புகளும் கையில் இருந்திருக்கும். மீளாய்வு செய்பவர்கள் எங்கள் தொகுதித் தெருக்களிலிருக்கும் தமிழ், வங்காள, குஜராத்தித் தாய்மாரிடமும் இதைக் கேட்டு எழுத வேண்டும்.

அடுத்தது எங்கள் ஆட்களுக்கு. நோய் தொடங்கி மூன்று மாதம் ஆகி, இன்னும் ஒன்பது மாதமாவது இருக்கும் என்றால், ஓய்வூதிய வயதுக்கு முன்னரே விண்ணப்பியுங்கள். அந்த வயதைக் கடந்தவர்களுக்கு வேறொரு கொடுப்பனவு உண்டு, அதைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரை முதல் போனிலேயே கேளுங்கள். படிவத்துக்குப் பிரதி எடுத்து வையுங்கள். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடங்களில் காசு வாங்காமல் உதவுவார்கள். நிலுவை மொத்தமாக வந்தால் யூனிவர்சல் கிரெடிட் நின்றுவிடுமோ என்று பயப்படாதீர்கள். அந்தப் பணத்தை ஓர் ஆண்டுக்குச் சேமிப்பாகக் கணக்கெடுப்பதில்லை. உங்களைப் பராமரிப்பவர் கிழமைக்கு 35 மணி நேரம் அதற்குச் செலவிட்டு, அவருடைய உழைப்பும் எல்லைக்குள் இருந்தால், பராமரிப்பாளர் கொடுப்பனவுக்கு உங்கள் முடிவு வந்த மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். அப்போதுதான் அவருக்கும் பின்னோக்கி எண்ணுவார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், ‘சமாளிக்கிறன்’ என்ற சொல்லை டொக்டரிடமும் மதிப்பீட்டாளரிடமும் சொல்லாதீர்கள். எங்கள் தாய்மார் அந்தச் சொல்லால்தான் போரிலும் இடப்பெயர்விலும் எங்களைக் காப்பாற்றினார்கள், நான் அதை அவமதிக்கவில்லை. ஆனால் இங்கே கேட்பவர் அதை நம்பிவிடுகிறார். நம்பி எழுதிவிடுகிறார்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவைப் பார்க்கப் போனேன். 61 வயது. நடுக்கவாதம். வலது கை நடுங்குவது தெரியாமல் முந்தானைக்குள் வைத்திருப்பார். “எனக்கென்ன, சமாளிக்கிறன்” என்றார். என் இரண்டு கைகளையும் அவர் மடியில் வைத்தேன். கோணிய விரல்களை அவர் தடவிப் பார்த்தார். பிறகு எனது கதை முழுவதையும், அந்தக் கதவடிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அன்றே போன் எடுத்தோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர் தன் வாயாலேயே கேட்டார். கலண்டரில் திகதியை நான் வட்டமிட்டேன். அவருடைய சுவரிலும் முருகன்தான்.

“இண்டையிலயிருந்துதானோ எண்ணுவினம்?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா, இண்டையிலயிருந்து.”

அவர் கலண்டரைப் பார்த்தபடி இருந்தார். “எனக்கு இது தொடங்கி நாலு வருசம்” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தேத்தண்ணீர் ஊற்ற இரண்டு பேரும் எழும்பினோம். கேத்திலை நான் தூக்க முடியாது, அவர் பிடித்தால் சிந்தும். இருவரும் சேர்ந்து பிடித்தோம்.